அதுக்கென்ன, மாட்டிடலாம்

அக்காவின் வேனில் ஏறினால் வாயை அடக்கிக்கொள்ள வேண்டும். புழுக்கம் என்றோ, இருட்டு என்றோ சும்மா ஒரு வார்த்தை முணுமுணுத்தால் போதும். அடுத்த திங்கட்கிழமை அதற்கென்று ஒரு பொருள் வண்டிக்குள் முளைத்திருக்கும். "அதுக்கென்ன, மாட்டிடலாம்" என்பார். அப்படிச் சொல்லிவிட்டு மாட்டாமல் விட்டது ஒன்றுகூட என் நினைவில் இல்லை.

அடி அண்ணாமலையில் காலையில் புறப்பட்டு, திருவண்ணாமலை டவுன் வழியாக வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வரை போய், மாலையில் திரும்பும் ஷேர் வேன் அது. எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்த காலம் முழுக்க நான் கல்லூரிக்கு அதில்தான் போய்வந்தேன். ஓட்டுபவரும் அவர்தான், வண்டிக்குச் சொந்தக்காரரும் அவர்தான். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அந்த ரோட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவரைவிட மூத்தவரான கணக்கு டீச்சர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டிருப்பார். இடது கையில் கண்ணாடி வளையல்களோடு இன்னொரு வளையலாகக் கறுப்பு இன்சுலேஷன் டேப் உருளை ஒன்று எப்போதும் கிடக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அதைக் கழற்ற மாட்டார்.

கடைசி சீட்டுக்கு மேலே ஒரு சின்ன ஃபேன் இருந்தது. மாதாமாதம் செக்கப்புக்குப் போய்வந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்காக மாட்டியது. அதன் பெயர் புள்ளத்தாச்சி ஃபேன். அந்தப் பிள்ளை பிறந்து, வளர்ந்து, யூனிஃபார்ம் போட்டு, அதே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். ஃபேனுக்கு மட்டும் பெயர் மாறவில்லை. ஜன்னலோரம் வளைந்த கழுத்தோடு ஒரு மஞ்சள் விளக்கு, டீச்சர் பேப்பர் திருத்த. பூக்காரம்மாவின் மீந்த மல்லிகை வாடாமல் இருக்க ஒரு குளிர்பெட்டி. எங்களைப் போன்ற கல்லூரிப் பெண்களின் லேப்டாப்புக்காக சீட்டுக்கு அடியில் ஒரு இன்வர்ட்டர். கண்பார்வை மங்கிய ஒரு தாத்தா தவறான வண்டியில் ஏறிவிட்டார் என்பதற்காக, முன்கண்ணாடியில் சிவப்பு எழுத்து ஓடும் போர்டு. அப்புறம் மைக். கலெக்டர் ஆபீஸில் கிளார்க்காக இருந்த ஒரு சார் பாடுவார். பாடக் கூடாது, ஆனால் பாடுவார். "என் குரல் பின் சீட்டுக்குக் கேக்கமாட்டேங்குதுக்கா" என்று ஒருநாள் அவர் குறைப்பட்டுக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து கேட்டது.

இவ்வளவுக்கும் மின்சாரம் எங்கிருந்து வரும் என்று அக்கா யோசித்ததில்லை. கேட்டவர்களும் யோசித்ததில்லை. அதனால் மாதம் ஒருமுறையாவது வண்டி நடுவழியில் நின்றுவிடும். பேட்டரி காலி. நாங்கள் தள்ளுவோம். அதில் எங்களுக்கு ஒரு ஒழுங்கு வந்துவிட்டிருந்தது. டீச்சர் கைப்பையைப் பூக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு இடது பக்கம் நிற்பார். பூக்காரம்மா எல்லாருடைய பைகளையும் சுமந்துகொண்டு ரோட்டோரமாக வருவார். கிளார்க் சார் தள்ளுவதற்குத் தாளம் போடுவார், தள்ள மாட்டார்.

எனக்கென்று நான் எதையும் கேட்டதில்லை. ஒருநாள் மட்டும் வாய் தவறிவிட்டது.

"ஏன்க்கா, ஹாரன் அடிச்சா ஃபேன் மெதுவா ஆவுது?"

வண்டியே சிரித்தது. அக்கா மட்டும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "தெரியலியே பாப்பா. பாத்துடலாம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. அக்கா இறங்கி, சாவியை என் கையில் வைத்தார்.

"எதுக்குக்கா?"

"மத்தவங்க ஃபேன் கேட்டாங்க, லைட்டு கேட்டாங்க. நீ ஏன்னு கேட்ட. ஏன்னு சொல்ல எனக்குத் தெரியாது, என்கிட்ட வண்டிதான் இருக்குது. நீயே பாத்துக்க."

சின்ன வயதில் எனக்கு யாரும் பொம்மை கார்கூட வாங்கித் தந்ததில்லை. இது நிஜ வேன்! மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். முன் சீட்டைத் தூக்கினால் எஞ்சின். அதன் பக்கவாட்டில் பெல்ட்டில் சுழலும் உருண்டையான இரும்புப் பொருள்தான் ஆல்டர்னேட்டர். எங்கள் ஊர்ப் பட்டறையில் டைனமோ என்பார்கள். எஞ்சின் ஓடும்போது வண்டிக்கு வேண்டிய கரண்டைத் தருவதும் பேட்டரியை நிரப்புவதும் அதுதான். வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபோது ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் போதுமென்று வைத்து அனுப்பிய சின்ன டைனமோ அது. ஒவ்வொரு பொருளாகப் போட்டு அளந்து, சாக்பீஸால் தெருவிலேயே கூட்டல் போட்டேன்.

"அக்கா, டைனமோ சம்பாதிக்கிறதைவிட வண்டி செலவு பண்றது ஜாஸ்தி. துண்டு விழறதைப் பேட்டரி குடுக்குது. அதனாலதான் படுத்துடுது."

"எங்க வீட்டுக் கதை மாதிரியே சொல்ற" என்று சிரித்தார்.

"எதையாவது கழட்டணும்க்கா. அந்தக் குளிர்பெட்டி?"

"பூக்காரம்மா மீந்த பூவை எங்க வெக்கும்?"

"டீச்சர் லைட்டு?"

"டீச்சரை எறங்கச் சொல்றியா?"

"லைட்டைத்தான்க்கா சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"சரி, மைக்கு?"

அக்கா டேப் உருளையைக் கையிலேயே சுழற்றிக்கொண்டிருந்தார். "அதை நானும் யோசிச்சேன்" என்றார் கடைசியில். "ஆனா அந்த மனுசன் ஆபீஸ்ல நாள் பூரா வாயத் தொறக்க முடியாது பாப்பா. இங்கயாச்சும் தொறக்கட்டும்."

அன்று முடிவு செய்த ஒரே விஷயம், குண்டு பல்புகளை எடுத்துவிட்டு எல்இடி மாட்டுவது. அதிலும் டீச்சர் விளக்கை விட்டுவிட்டோம். வெள்ளை வெளிச்சம் டீச்சருக்குக் கண்ணைக் கூசுமாம்.

இப்படியே தள்ளிக்கொண்டு போயிருப்போம், கோமதிக்குக் கல்யாணம் நிச்சயமாகாமல் இருந்திருந்தால். கோமதி கலெக்டர் ஆபீஸில் தற்காலிக டைப்பிஸ்ட், எங்கள் வேனின் செல்லம். வண்டியின் கூரையில் ஓடிய கலர் சீரியல் லைட் அவள் பிறந்தநாளுக்கு அக்கா மாட்டியது. "பெண் அழைப்புக்கு வாடகை கார் வேணாம்க்கா. உங்க வண்டியிலதான் வருவேன்" என்றாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பெண்ணைக் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மேளதாளத்தோடு அழைத்துவரும் ஊர்வலம் அது. அதற்கு அக்கா என்ன சொல்லியிருப்பார் என்று எழுத வேண்டுமா?

மாப்பிள்ளையின் மாமா ஒருத்தர், கல்யாணத்துக்கே சொந்தக்காரர் மாதிரி எல்லாவற்றையும் ஓடியாடிப் பார்த்துக்கொண்டிருந்தவர், வண்டியை நேரில் பார்க்க ஆட்கள் இரண்டு பேரோடு வந்தார். வந்த நேரம் பார்த்தா நாங்கள் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும்!

புல்லட்டை ஓரமாக நிறுத்தி, கூலிங்கிளாஸைக் கழற்றிப் பார்த்தார். "இன்னாம்மா இது? பொண்ணு வண்டியில வருமா, இல்ல வண்டியத் தள்ளிக்கினு வருமா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் எங்களோடு சேர்ந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

அக்கா இறங்கி வந்தார். குரல் உயரவில்லை. "பொண்ணழைப்பு அன்னிக்கு என் வண்டி மேல ஒருத்தர் கை வெச்சுத் தள்ளட்டும். மறுநாளே வித்துட்டு வீட்ல உக்காந்துக்கறேன்."

"எதுக்கு சவாலு? நான் எதுக்கும் ஒரு லைட்டு வண்டி, ஜெனரேட்டரு, பேண்டு செட்டு எல்லாம் சொல்லி வெச்சிடறேன்" என்று அவர் கிளம்பிப் போனார்.

அன்று வேனில் கிளார்க் சார்கூடப் பாடவில்லை. அக்கா சொன்னால் செய்பவர். மாட்டுகிறேன் என்றால் மாட்டுவது போல, விற்கிறேன் என்றால் விற்பார்.

அடுத்த நாளே போளூர் ரோட்டில் பாய் கடைக்குப் போனோம். பாய் ஆட்டோ எலெக்ட்ரீஷியன். அக்காவுக்கு நேர் எதிர். எதைக் கேட்டாலும் முதலில் ஆகாது என்பார், பிறகு செய்வார்.

"பெரிய டைனமோ போடணும் பாய்" என்றேன். "இதைப்போல ரெண்டு மடங்கு."

"ஆவாது. மாட்டற எடம் வேற, பெல்ட்டு லைன் வேற."

"பிராக்கெட் வெல்டிங் பண்ணிக்கலாம். பேட்டரிக்குப் போற ஒயரையும் மொத்தமா போட்டுடணும். பழைய ஒயரு இவ்ளோ கரண்டுக்குச் சூடாயிடும்."

பாய் அக்காவைப் பார்த்தார். "யாருக்கா இது, இவ்ளோ பேசுது?"

"நம்ம எஞ்சினியரு" என்றார் அக்கா, ஏதோ வண்டியில் புதிதாக மாட்டிய பொருளைக் காட்டுவது போல.

ஆகாது ஆகாது என்றபடியே பாய் ஏசி வேனுக்குப் போடும் பெரிய டைனமோ ஒன்றைப் பொருத்தினார். விரல் தடிமனுக்கு ஒயர், புது ஃபியூஸ், டேஷ்போர்டில் ஒரு சின்ன வோல்ட் மீட்டர். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். வேன் முழுக்கத் திருவிழா! மீட்டர் பதினாலு வோல்ட்டுக்கு மேல் நின்றது; பன்னிரண்டுக்கு இறங்கினால்தான் பேட்டரி காலியாகிறது என்று அர்த்தம். "ஜாஸ்தியே வருது" என்று பாயே ஒப்புக்கொண்டார். நான் அங்கேயே ஒரு குதி குதித்தேன்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் கிரிவலப் பாதையில் ஒத்திகை வைத்தோம். நான் முன்னால் மணப்பெண் ஊர்வல வேகத்தில் நடக்க, அக்கா பின்னால் வண்டியை ஊர்ந்து வரச் செய்தார். லோடு முழுசாக இருக்க வேண்டுமே என்று கிளார்க் சார் உள்ளே உட்கார்ந்து மைக்கில் பாடிக்கொண்டு வந்தார். டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு சாமியார் என்ன விசேஷம் என்று கேட்காமலே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. சார் குரல் கம்மியானது. சீரியல் லைட் சோர்ந்தது. நான் ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தால், பழைய டைனமோவில் நான் அளந்ததைவிடக் குறைவு! ஒரு வளைவில் எஞ்சினும் அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் செல்ஃப் மோட்டார் சுற்றவில்லை. தள்ளினோம். சாமியாரும் தள்ளினார்.

பாய் கடை வாசலில் நான் அழாத குறையாக உட்கார்ந்திருந்தேன். பாய் டைனமோவை மறுபடி மறுபடி சோதித்து, "இதுல ஒரு கோளாறும் இல்ல" என்று கோபப்பட்டார்.

அக்கா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "ஓட விட்டா நல்லா இருக்குது. நடக்க விட்டா மயங்குது. சைக்கிள் டைனமோ மாதிரி."

சைக்கிள் டைனமோ! வேகமாக மிதித்தால் விளக்கு பளிச்சென்று எரியும், மெதுவாக மிதித்தால் மங்கும். பட்டறையில் நாங்கள் சோதித்த ஒவ்வொரு முறையும் பாயின் கால் ஆக்ஸிலரேட்டரில் இருந்தது. கல்யாண ஊர்வலத்தில் எஞ்சின் சும்மா முனகிக்கொண்டுதான் இருக்கும். பெரிய டைனமோ தன் பலத்தைக் காட்டுவது வேகமாகச் சுற்றினால்தான். நாங்கள் அதை நெடுஞ்சாலைக்குத் தயார் செய்திருந்தோம். போக வேண்டியது மேளத்துக்குப் பின்னால்!

"அப்போ மிதிச்சுக்கினே போவச் சொல்லு" என்றார் பாய்.

"பொண்ண உக்கார வெச்சு உறுமிக்கினே போறதா? கிளட்ச்சு இன்னாத்துக்கு ஆவும் பாய்?" என்றார் அக்கா.

நான் எழுந்து நின்றேன். "டைனமோ மேல பெல்ட்டு ஓடுற புல்லியைச் சின்னதா மாத்துனா? சக்கரம் சின்னதானா எஞ்சின் மெதுவா சுத்தும்போதே டைனமோ வேகமா சுத்துமே!"

"ஆவாது. வண்டி ஸ்பீடா போனா டைனமோ அளவுக்கு மீறிச் சுத்திப் பிச்சிக்கும்."

"பாய், அக்கா என்னிக்கு நாப்பதுக்கு மேல போயிருக்காங்க?"

பாய் நான் பார்த்து முதல் தடவையாக, சிரித்தார். "இந்த வண்டிக்கு மட்டும் ஆவும்" என்று புல்லியை லேத் பட்டறைக்கு அனுப்பினார். சின்னதாகக் கடைந்து வந்த அதை மாட்டி, பெல்ட்டை இழுத்துக் கட்டி, எஞ்சின் நின்றபடி ஓடும் வேகத்தையும் துளி கூட்டினார். யாரும் ஆக்ஸிலரேட்டரைத் தொடவில்லை. மீட்டர் பதினாலில் நின்றது. ஒரு புதுச் சத்தம் மட்டும் கூடவே வந்தது. மெல்லிசாக, விசில் மாதிரி, நிற்காமல்.

பெண் அழைப்பன்று வேனைப் பார்க்க வேண்டுமே! சாமந்திச் சரம் சுற்றி, சீரியல் லைட் கூரையிலிருந்து வெளியே வழிந்து, உள்ளே கோமதி பட்டுப் புடவையில் தேவதை மாதிரி. முன்கண்ணாடி போர்டில் மட்டும் வழக்கம்போல 'கலெக்டர் ஆபீஸ்' ஓடிக்கொண்டிருந்தது. அதை மாற்றும் வழி யாருக்கும் தெரியவில்லை. வேனில் தினம் போய்வருபவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். நான் அக்கா பக்கத்து சீட்டில், கண் மீட்டரைவிட்டு நகராமல்.

முன்னால் மாமாவின் லைட்டு வண்டியும் பேண்டு செட்டும் போயின. பாதி வழியில், தெரு முனை திரும்பும்போது, அந்த ஜெனரேட்டர் இருமியது. இரண்டு தடவை. பிறகு அணைந்தது. விளக்குகள் போயின. கீபோர்டும் பாட்டுக்காரரின் மைக்கும் ஊமையாகின. டிரம் மட்டும் தனியாகக் கொஞ்சம் தட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டது. இருந்த ஒரே வெளிச்சம் எங்கள் வேன்தான். எனக்கு உள்ளுக்குள் என்ன சந்தோஷம்!

மாமா வியர்க்க வியர்க்க ஜன்னலோரம் வந்தார். கூலிங்கிளாஸ் இல்லை. "பாதியில மேளம் நின்னா நல்லா இருக்காதும்மா. செட்டுக்காரனுக்கு ஒரு பிளக்கு... உங்க வண்டியில..."

நான் அக்காவின் முழங்கையைப் பிடித்தேன். "வேணாம்க்கா. இன்வர்ட்டர்ல அவ்ளோ பெரிய செட்டு போட்டா நாமளும் நின்னுடுவோம். நின்னா தள்ளணும். தள்ளுனா நீங்க..."

அக்கா முடிக்க விடவில்லை. அவர் முகத்தில் யோசனையே இல்லை. "அதுக்கென்ன, மாட்டிடலாம்."

எக்ஸ்டென்ஷன் ஒயர் வந்தது. கையிலிருந்த டேப்பைக் கிழித்து அக்காவே இணைப்பைச் சுற்றினார். கீபோர்டு உயிர்பெற்றது. மீட்டர் சரியத் தொடங்கியது. பதிமூன்று. பன்னிரண்டரை. பன்னிரண்டு. "அக்கா, எதையாவது அணைக்கணும்!" என்று நான் கத்தியே விட்டேன்.

அக்கா ஒரு நிமிடம் சுவிட்சுகளைப் பார்த்தார். பிறகு தலையை வெளியே நீட்டி, கூட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"டீச்சர்! உங்க லைட்டை அணைச்சுக்கட்டுமா?"

ஊர்வலத்தில் தாம்பூலத் தட்டோடு நடந்துகொண்டிருந்த டீச்சருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "அணைங்கக்கா! பேப்பரா திருத்தறேன் இங்க?" என்றார்.

"பூக்காரம்மா, உன் பெட்டி?"

"காலிப் பெட்டிதான், அணை! பூவெல்லாம் பொண்ணு தலையில இருக்குது!"

"பெருசு, உங்க போர்டு?"

"இவ்ளோ சத்தத்துல வண்டி எதுன்னு எனக்குத் தெரியாதா? அணைம்மா!" என்றார் தாத்தா.

"சார், மைக்கு?"

கிளார்க் சார் நெஞ்சில் கை வைத்துத் தியாகி போலத் தலையசைத்தார். "ஊருக்கே புண்ணியம்!" என்று பூக்காரம்மா கத்த, தெரு சிரித்தது.

கடைசியாக அந்த ஃபேன். அதற்குச் சொந்தக்காரி பட்டுப் பாவாடையில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா அவளிடமும் கேட்டார். அவள் நிஜமாகவே யோசித்தாள். "திங்கக்கெழம போட்டுடணும்" என்றாள்.

"சத்தியமா போட்டுடறேன்."

ஒவ்வொரு சுவிட்சாக அக்கா அணைத்தார். அவர் எதையும் அணைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பன்னிரண்டு நின்றது, யோசித்தது, ஏறியது. பதிமூன்று. அதைத் தாண்டியது. டைனமோ விசிலடித்தது, பேண்டு அதற்கு மேல் அடித்தது. மண்டப வாசல் வரை வேன் அணையவில்லை. யாரும் கை வைக்கவில்லை. மாமா மட்டும் பக்கத்திலேயே, வழி முழுக்க அந்த எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

திங்கட்கிழமை புள்ளத்தாச்சி ஃபேன் ஓடியது. வண்டிக்குப் பின்னால் மழை படாத மூடியோடு ஒரு பிளக் பாயிண்ட் புதிதாக இருந்தது. பெயர் மாமா பிளக்.

நான் வேலைக்காக ஊரைவிட்டு வந்து சில வருடங்கள் ஆகின்றன. போன பொங்கலுக்குப் போனபோது, சொல்லாமல் கொள்ளாமல் அந்த வேனில் ஏறிக் கூட்டத்தோடு கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். அக்கா கவனிக்கவில்லை. முன் சீட்டில் புதிதாக ஒரு பெண், ஆபீஸில் சேர்ந்து சில நாள்தான் ஆகியிருக்கும் போல.

"அக்கா, இன்னா அது, விசிலடிக்கிற மாதிரி ஒரு சத்தம்? ரிப்பேரா?"

"ரிப்பேரு இல்ல. அது நம்ம எஞ்சினியரு" என்றார் அக்கா. "ஒண்ணும் வேணும்னு கேக்காத பொண்ணு. ஏன்னு மட்டும் கேக்கும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் விசிலைக் கேட்டுவிட்டு, "இந்தப் பக்கம் வெயில் மூஞ்சிலயே அடிக்குதுக்கா" என்றாள், சும்மா, பேச்சுவாக்கில்.

ஐயோ என்று நினைத்தேன். அதற்குள் என் மனம் சாக்பீஸை எடுத்து, டைனமோவில் இன்னும் எவ்வளவு மீதி இருக்கிறது என்று கூட்ட ஆரம்பித்துவிட்டது.